பெஹாலா தீப்பெட்டிக் கம்பெனி

1913 பிப்ரவரி 4

கம்பெனி ரிஜிஸ்திரார் ஆபீஸிலிருந்து இன்று என்னைக் கல்கத்தாவை அடுத்த பெஹாலாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் பெயர்ப்பலகை இல்லை என்று புகார். சட்டப்படி மாட்டியாக வேண்டும். மானேஜரைச் சத்தம் போட்டு மிரட்டினேன்.

கொட்டகைக்குள் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே ஒருத்தி வங்காளி பாஷையில் கேட்டாள்: "பாபு, சர்க்கார் ஆள்தானே நீங்க? பூட்ட வேண்டாம்னு சொல்லுங்க. குச்சி மருந்து பத்திக்கிட்டா எங்கே ஓடறது?"

"அது எங்க இலாகா இல்லம்மா" என்றேன்.

பிப்ரவரி 5

ரிப்போர்ட்டில் பலகையைப் பற்றி மட்டும் எழுதினேன். பூட்டைப் பற்றி ஹெட் கிளார்க் முகர்ஜி பாபுவிடம் வாயால் சொன்னேன். பாக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதலாமா என்றேன்.

"அங்கே ஐம்பது பேர் வேலை செய்கிறார்களா?"

முப்பது பேர் இருக்கலாம் என்றேன்.

"அப்படியானால் சட்டப்படி அது பாக்டரியே இல்லை. விடுங்கள், ஐயர் பாபு."

விட்டேன்.

பிப்ரவரி 19

பலகை மாட்டிவிட்டார்களாம். ரிஜிஸ்திரார் துரைக்குத் திருப்தி.

மார்ச் 12

நேற்று அந்தக் கொட்டகை எரிந்துவிட்டது; கதவு பூட்டியே இருந்ததாம். நாலு பெண்கள் போய்விட்டார்கள். ஜன்னலில் பேசினவள் பெயர் கிரிபாலாவாம். பிழைத்துவிட்டாள் — கைகள் இரண்டும் வெந்துபோய்.

வீட்டில் நாகலக்ஷ்மி கேட்டாள்: "ஏன்னா, போன மாசம் நீங்க போன இடமாச்சே! கதவு பூட்டியிருந்ததை நீங்க பாக்கலையா?"

பார்த்தேனே. பலகைக்கு அத்தனை கத்தினேனே, பூட்டைத் திறடான்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எந்தச் சட்டம் வேணும்?

ஏப்ரல் 2

அலிப்பூர் கோர்ட்டில் மானேஜர் மேல் விசாரணை. யாரும் கூப்பிடாமல் நானே போய்ச் சாட்சி சொன்னேன். கம்பெனி வக்கீல் எழுந்தார்: "பூட்டைக் கண்டதும் மானேஜரிடம் ஆட்சேபித்தீரா?"

"இல்லை."

"சர்க்கார் உத்தியோகஸ்தருக்கே அது ஆபத்தாகப் படவில்லை" என்றார், மாஜிஸ்திரேட்டைப் பார்த்து. மானேஜர் தப்பித்தார். என் வாயாலேயே!

கிரிபாலா கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 3

ஆபீஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜூன் 17

சித்பூரில் ஒரு வார்னிஷ் கம்பெனிக்கு ஆண்டறிக்கை கேட்கப் போனேன். மாடியில் ஆட்கள். இறங்க இருந்த ஒரே படியை மறித்து, சட்டென்று தீப்பற்றும் டர்பன்டைன் பீப்பாய்கள். நகர்த்தச் சொன்னேன்.

"எந்தச் சட்டப்படி?" என்றார் மானேஜர்.

"எந்தச் சட்டப்படியும் இல்லை. நகர்த்துங்கள்."

சிரித்தார். நான் நகரவில்லை. சாயங்காலம் கடைசிப் பீப்பாயும் வெளியே போன பிறகுதான் டிராம் ஏறினேன்.

ஏன் இவ்வளவு நேரம் என்று நாகலக்ஷ்மி கேட்டாள். சொல்லவில்லை. சொன்னால் மெச்சிவிடுவாள்.