வெள்ளையனின் தேக்குப் பெட்டி

1968 ஜூன் 5, புதன்

காலையிலேயே அனல். மழைக்கு அறிகுறி இல்லை. ஆச்சி வீட்டு முற்றத்தில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

இன்று: வெள்ளையனைக் காரைக்குடி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி சொல்ல வேண்டும். மெட்ராஸ் ஏஜெண்டுக்கு இங்கிலீஷில் கடிதம்: நாய் ஒன்று, பூனை ஒன்று, கோலாலம்பூருக்கு, விமானத்தில். பூனை சிட்டுவுக்கு மூடி போட்ட கூடை. உமையாளுக்கு ஏழாம் வாய்பாடு.

ஆச்சியின் வீட்டுக்காரர் செட்டியார் கோலாலம்பூரிலேயேதான் இருக்கிறார். வலையபட்டி வீட்டைப் பூட்டிவிட்டு மகள் உமையாளோடு வந்துவிடச் சொல்லி ஆச்சிக்கு எழுதிவிட்டார். போன முறை கப்பலில் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்த வாந்தி ஆச்சிக்குப் பினாங்கில்தான் நின்றதாம். அதனால் பிளேன். வெள்ளையன் பக்கத்தில் இல்லாமல் உமையாள் சாப்பிட மாட்டாள். சிட்டு காலடியில் படுக்காமல் ஆச்சிக்குத் தூக்கம் வராது. நான் இல்லாமல் நாய், பூனை இரண்டும் அடங்காது. அதனால் நானும்.

அங்கே தமிழ்ப் பள்ளியில் வேலைக்குச் செட்டியார் சொல்லிவைப்பாராம். "நீயும் எங்ககூட வந்துரு கமலா. பி.எஸ்ஸி. படிச்சுப்புட்டு இந்த ஊர்ல என்னத்தப் பண்ணப்போற?" ஆச்சி இதைச் சொன்னது பங்குனியில். அன்று ராத்திரி சாப்பிடவே முடியவில்லை, சந்தோஷத்தில்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன். பரவாயில்லை.

சிங்கம்புணரிப் பள்ளியில் கிடைத்த வேலைக்கு வர இயலாது என்று எழுதிப் போட்டாயிற்று. அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார், "யோசிச்சுக்கத்தா" என்று. யோசித்தேன். மதுரைக்கு அப்பால் நான் எந்த ஊரையும் பார்த்ததில்லை.


ஜூன் 8, சனி

ஆஸ்பத்திரியில் கூட்டம். ராஜபாளையத்து நாய், கன்றுக்குட்டி உயரம். வெள்ளையன் உள்ளே நுழைந்ததும் ஆட்டுக்காரர்கள் எல்லாம் திண்டில் ஏறி நின்றுகொண்டார்கள். வெறிநோய் ஊசி போட்டாயிற்று. நாய் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு நடுங்கியது. டாக்டர் இங்கிலீஷில் கேட்டார், நாய் உங்களுடையதா என்று. "நோ சார்" என்று மட்டும் வந்தது. இன்னும் ரெண்டு வாக்கியம் மனதில் தயாராக இருந்தது.

டாக்டர் சொன்னது: பெட்டிக்குள் பழகின ஆளின் பழந்துணி ஒன்று போட வேண்டும். வாசனைக்கு. அது இருந்தால் பிளேனில் குரைக்காது.

சிட்டு ஊசி போட்ட பெண்ணின் கையைக் கீறிவிட்டாள்.


ஜூன் 13, வியாழன்

ஏஜெண்டின் பதில் வந்தது. நாய் எழுந்து நிற்கவும் திரும்பவும் இடம் வேண்டும். மூன்று பக்கம் காற்றுத் துளை. இலேசான மரம். எடைக்குத் தக்க கட்டணம். ஆச்சிக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"இலேசான மரம்னா?"

"பாக்கிங் பெட்டி அடிக்கிற மரம் ஆச்சி. இல்லைன்னா மாம்பலகை."

ஆச்சி சிரித்துவிட்டார்கள். "மாம்பலகையா? அங்க செட்டியாரோட நாலு பேரு வந்து நிப்பாக. கருவாட்டுப் பெட்டியில வந்து எறங்குச்சாம் இவுக வீட்டு நாயின்னு சொல்றதுக்கா? பின்கட்டுல பழைய கதவு ரெண்டு கிடக்குல்ல, பர்மாத் தேக்கு. உங்கப்பனை வரச் சொல்லு."

அப்பா வந்தார். கதவை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். அந்த முகத்தை நான் என் பரீட்சை முடிவு வந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன்.


ஜூன் 18, செவ்வாய்

புழுக்கம். பெட்டி வளர்கிறது. அப்பா வேறு தச்சு வேலை எதையும் தொடுவதில்லை. காற்றுக்குத் துளை போடச் சொன்னால், துளை அசிங்கம் என்று கடைசல் பிடித்த மரக் கம்பிகளாக வைத்திருக்கிறார், ஜன்னல் மாதிரி. கதவில் தாமரை. பித்தளைக் கொண்டி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு அஞ்சறைப்பெட்டி கேட்டு ஆறு வருசமாச்சு. நாயாப் பொறந்திருக்கணும்" என்றாள். அப்பாவுக்குக் கேட்கவில்லை.

நானும் ரசித்தேன், எழுதுவதற்கென்ன. உப்புத்தாள் போட்டுக் கொடுத்தேன். அப்பாவின் பெட்டியும் நானும் ஒரே பிளேனில் போகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன்.


ஜூன் 27, வியாழன்

ஆச்சி வீட்டுக் கணக்கப்பிள்ளை மெட்ராஸ் போய் வந்தார். என்னை எப்போதும் டீச்சரம்மா என்பார், நான் எந்தப் பள்ளியிலும் இல்லாத போதும். பெட்டியின் எடையை ஏஜெண்டிடம் சொன்னாராம்.

"அந்த ஆளு சிரிக்கிறான் டீச்சரம்மா. இந்தப் பொட்டிக்குக் கட்டுற கூலியில இன்னொரு ஆளையே கூட்டிட்டுப் போயிறலாமேங்குறான்."

நானும் சிரித்தேன்.

இன்னொன்று. மிருகங்களுக்கு இடம் உள்ள பிளேன் ஆடி பிறந்துதான் கிடைக்குமாம். ஆச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆடியில் குடி கிளம்புவதா? முடிவு: ஆனிக்குள் நல்ல நாள் பார்த்துப் பரஸ்தானம் வைத்துவிடுவது. போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பொருளை நல்ல நேரத்தில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அன்றே கிளம்பிவிட்டதாக அர்த்தம். ஆள் பிறகு எந்த நாளிலும் போகலாம்.


ஜூன் 29, சனி

சிரித்தது இன்றைக்கு இனிக்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன், மாம்பலகையில் ஒரு பெட்டி அடித்துப் பார்த்தால் என்ன, கனம் பாதி குறையுமே என்று.

"பாடை மாதிரி இருக்கும்த்தா."

"கனம் ஜாஸ்திங்கிறாகப்பா."

"கட்டுறவுக கட்டுறாக. நமக்கென்ன?"

நமக்கென்ன என்று நானும் விட்டுவிட்டேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். வாயில் வைத்து உருப்போட்டேன். வரவில்லை.


ஜூலை 8, திங்கள்

பரஸ்தானம். எதிர் வீட்டு சீதை ஆச்சி வீட்டில். காலை ஏழரைக்கு முன்பே.

என் புதுச் சேலையை மடித்து, மஞ்சள் துண்டு ஒன்று வைத்து எடுத்துப் போயிருந்தேன். கோ-ஆப்டெக்ஸில் வாங்கியது, நீலம். பிளேனில் கட்டிக்கொள்ள என்று வைத்திருந்தேன்.

பெரிய தாம்பாளம். முதலில் ஆச்சியின் பட்டுச் சேலை. அதன் மேல் உமையாளின் கவுன். பிறகு உமையாள் ஓடிப்போய் வெள்ளையனின் கழுத்துவாரைக் கொண்டுவந்தாள். பெண்கள் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. "ஏன், அதுவும் கடல் தாண்டுற உசுருதானே?" வாரை வாங்கி, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் வைத்தார்கள். சிட்டு பால் குடிக்கும் தட்டு. அதற்கும் குங்குமம்.

நான் தூண் ஓரமாக நின்றேன். கூப்பிடுவார்கள் என்று. தாம்பாளத்தைத் தூக்கிவிட்டார்கள்.

உமையாள்தான் கேட்டாள். "ஆத்தா, கமலாக்காவோடது வைக்கலையே?"

ஆச்சி அப்போதுதான் என் கையைப் பார்த்தார்கள். "உனக்கு எதுக்குத்தா? நீ ஊர்லதானே இருக்கப்போற. கணக்கப்பிள்ளை சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.

"பொட்டிக்கே ஒரு ஆளு கூலி ஆகுதாம். ஒரு டிக்கெட்டைக் குறைக்கச் சொல்லிச் செட்டியார் எழுதிப்புட்டாக. என்ன செய்ய? வாயில்லாத சீவனை விட்டுட்டுப் போக முடியுமா? நீ படிச்ச பிள்ளை, உனக்கென்ன."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "சரிங்க ஆச்சி" என்றேன். நாங்கள் பெட்டியை மாற்றித் தருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். தேக்கை விட்டுவிட்டு மாம்பலகை எடுங்கள் என்று. எல்லாம் சேலையை வீட்டில் திரும்ப வைத்த பிறகுதான் வந்தது.

மஞ்சள் துண்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.


ஜூலை 9, செவ்வாய்

அம்மா ஆச்சி குடும்பத்தைத் தெருவுக்குக் கேட்காத குரலில் திட்டினாள். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நம்ம கைவேலையாச்சும் போகுதுல்லத்தா."

எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். தெரியும். தெரிந்தும் இரண்டு வாளி இறைத்துக் கொட்டினேன், யாருக்கும் வேண்டாத தண்ணீரை.


ஜூலை 13, சனி

தூறல். நின்றுவிட்டது.

அப்பாவிடம் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

சிங்கம்புணரியிலிருந்து கார்டு. இடம் நிரப்பப்பட்டுவிட்டது. அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம்.

ஆச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. வெள்ளையன் பெட்டிக்குள் போக மாட்டேன் என்கிறது, கமலா வரணும். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். நாய் என்ன செய்யும். போனேன். பெட்டி கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில் கோயில் சப்பரம் மாதிரி. நாய் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. மூன்று பேர் தள்ளியும் நடக்கவில்லை.

டாக்டர் சொன்னது நினைவு வந்தது. வீட்டுக்கு வந்து என் பச்சைத் தாவணியை எடுத்துப் போனேன். காலேஜில் மூன்று வருஷம் போட்டது. உள்ளே விரித்தேன். வெள்ளையன் மோந்து பார்த்தது, உள்ளே போனது, இரண்டு சுற்று சுற்றி அதன் மேல் படுத்துக்கொண்டது.

"பாத்தியா" என்றார்கள் ஆச்சி எல்லோரையும் பார்த்து. "நான் சொன்னேன்ல. அவ கை பட்டாத்தான்." அப்புறம் என்னிடம்: "மீனம்பாக்கம் வரைக்கும் வந்து ஏத்திவிட்டுட்டு வந்துருத்தா. உனக்கும் பிளேனைப் பாத்தாப்பல இருக்கும்."


ஜூலை 22, திங்கள். மெட்ராஸ்

போனேன். ஏன் போனேன் என்று கேட்க யாரும் இல்லை.

நீலச் சேலை கட்டவில்லை.

நாயும் பூனையும் ரயிலின் கடைசியில், கார்டு வண்டியில். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஓடித் தண்ணீர் காட்டினேன்.

மீனம்பாக்கத்தில் பெட்டியைத் தூக்க நாலு பேர். "யாரு வீட்டுப் பல்லக்குய்யா இது?" "உள்ள மகாராசா இருக்காரு, காலைப் பாத்து வை." தராசில் வைத்தவர் தாமரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "செஞ்ச ஆளு பெரிய ஆளுதான், ஆனா கூறு கெட்ட ஆளு" என்றார். என் அப்பா என்று சொல்லவில்லை. கணக்கப்பிள்ளையும் சொல்லவில்லை. அந்த மட்டும் நல்லவர்.

காகிதம் நிரப்பியவர் கேட்டார், "நீங்களும் கூடப் போறீங்களா?"

"இல்ல. ஏத்திவிட வந்தேன்."

உமையாள் என் கையை விட்டது தெரியவே இல்லை. பிளேனைப் பார்த்ததும் ஓடிவிட்டாள். குழந்தை. ஆச்சி கடைசியில் திரும்பி வந்தார்கள். ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று நின்றேன். கையில் இருந்த முறுக்கு டின்னை என்னிடம் கொடுத்தார்கள். "இதுக்கும் கனம்கிறான். நீயே வச்சுக்கத்தா."

சிட்டுவின் கூடைக்குள் சத்தமே இல்லை. வெள்ளையன் கம்பி வழியாக என்னையே பார்த்தது. குரைக்கவில்லை. டாக்டர் சொன்னது சரி.

பிளேன் மேலே போகும்போது பக்கத்தில் கணக்கப்பிள்ளை முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

டியூஷனுக்கு இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று வருவதில்லை.

அப்பா தினமும் ஒரு தடவை ஆச்சி வீட்டு வழியாகப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். அம்மாவிடம் கேட்கிறார், தகவல் வந்துச்சா என்று. என்னிடம் கேட்பதில்லை. அவரிடம் சொல்ல நிறைய வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டியில்தான் என் இடம் போயிற்று. இதை எப்படிச் சொன்னால் எங்கே வலிக்கும் என்பது வரை யோசித்து வைத்தாயிற்று.


ஆகஸ்ட் 9, வெள்ளி

வெயில் குறைந்திருக்கிறது. கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுகிறார்கள். மைக் செட் சத்தம்.

பஸ் நிறுத்தத்தில் கணக்கப்பிள்ளை. கோலாலம்பூரிலிருந்து சேதி வந்ததாம். நாயும் பூனையும் அங்கே, நோய் இல்லை என்று தெரியும்வரை, தனிக் கொட்டடியில் இருக்கின்றன. நலம். முதல் ரெண்டு நாள் நாய் சாப்பிடவில்லை, இப்போது சாப்பிடுகிறது.

"பொட்டியத்தான் விடலையாம் டீச்சரம்மா. வெளிநாட்டு நாயோட வந்த பலகை, துணி எதையும் வெளியே விடக் கூடாதுன்னு எறங்குன அன்னைக்கே போட்டுக் கொளுத்திப்புட்டானாம். செட்டியார் பாக்கக்கூட இல்லை." பஸ்ஸில் ஏறும்போது, "உங்கப்பாருகிட்டப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

வழியெல்லாம் அதை வைத்துக்கொண்டு நடந்தேன். வாசலுக்கு வரும்போது கிட்டத்தட்டச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பாவைக் குத்த இதைவிட ஒரு சொல் எனக்குக் கிடைக்காது.

அப்பா உளி தீட்டிக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளையோடு நான் நின்றதை யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை நாள் கழித்து என்னிடமே கேட்டார். தலை தூக்காமல்.

"பொட்டியப் பத்தி ஏதும் சொன்னாகளாத்தா?"

"சொன்னாக."

உளியை நிறுத்திவிட்டார்.

"கூடத்துல வச்சிருக்காகளாம்" என்றேன். "வாரவுக எல்லாம் பாக்குறாகளாம்."

"கூடத்துலயா?"

"ம்."

மறுபடி தீட்ட ஆரம்பித்தார். உளியின் முனையை விரலால் தடவிக்கொண்டே, "தாமரைக்கு இன்னும் ரெண்டு இதழ் வச்சிருக்கலாம், அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

உள்ளே அம்மா கொடித் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "உன் பச்சைத் தாவணியைக் காணோமே" என்றாள்.