செவலையின் வார்

வேலூர்,
1931 மாசி 12.

சிரஞ்சீவி காசிக்கு, வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உன் தகப்பன் கன்னியப்பன், பக்கத்துக் கட்டில் ரத்தினசாமி வாத்தியாரிடம் சொல்லி எழுதுவது. உனக்கும் மருமகள் சுந்தரிக்கும் ஆசீர்வாதம்.

ஆம்பூரிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்று வந்தது. அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷம் ஈரத்தோலைத் தலையில் சுமந்ததில் கழுத்தெலும்புக்கு நடுவே நரம்பு நசுங்கிவிட்டதாம். வலது கட்டைவிரலும் அடுத்த விரலும் மரத்துப்போனது அதனால்தானாம். தெருவில் பயந்தார்களே, அந்தக் குஷ்டம் இல்லை, சுந்தரியிடம் சொல். காலையில் வெந்நீர் ஒத்தடம். தோளைத் தூக்கி இறக்க வேண்டும், துணிப்பந்தைப் பிசைய வேண்டும். பிறகு தாடைக்கும் பிடரிக்கும் தோல்வார் மாட்டி, கயிற்றைத் தலைமாட்டுக் கப்பியில் விட்டு, நுனியில் மணல்பை தொங்கவிடுகிறார்கள். அரைமணி நேரம் கழுத்து இழுபடும்.

மூன்றாம் நாள் அந்த வாரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று சூட்டுத் தழும்பு. நடுக்கோடு பாதியில் கொக்கிபோல் வளைந்திருந்தது. காசி, அது நம் வண்டிமாடு செவலை.

உனக்கு அப்போது ஒன்பது வயது. செவலைக்குக் கழுத்து வீங்கியிருந்தது. நான்தான் சூடு போட்டேன். இரண்டாவது கோட்டில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது, கம்பி வழுக்கியது. மறுநாளே தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை ஷாப்புக்குப் பாரம் ஏற்றிப் பூட்டினேன். மேட்டில் முன்னங்கால் மடித்து விழுந்தது, எழவில்லை. தோலை ஷாப்புக்குப் போட்டதும் நான்தான். வண்டியை விற்றுவிட்டுத் தலைச்சுமைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

நர்சு சவுரியம்மாளிடம் சொன்னேன். ஷாப்புக்காரர் ஜான் பாஷா சாயபு தர்மமாகக் கொடுத்த பழைய வார் என்றாள். "இன்னா பெரியவரே, மாட்டுத்தோலுதானே? மாடேவா வந்து நிக்குது?" என்று சிரித்தாள். எண்ணெய் காணாத வார் இத்தனை வருஷத்தில் விறைத்துப்போயிருக்க வேண்டும். தோல் எனக்குத் தெரியாதா? இது கன்றின் காது மாதிரி மெத்தென்று இருக்கிறது. மாட்டும்போதே வெதுவெதுப்பு. இருந்தும் தாடையை நீட்டிக் கொடுத்தேன், விரல் வேண்டுமே.

மாசி பிறந்த வெள்ளிக்கிழமை, மணல்பை தொங்கிக்கொண்டிருக்கையில் மரத்த விரலுக்கு உணர்ச்சி வந்தது. முதலில் தெரிந்தது சூடும் இல்லை, குளிரும் இல்லை. ஈரமான, சொரசொரப்பான நாக்கு. கையில் உப்பை வைத்தால் செவலை நக்குமே, அப்படி. தலையைத் திருப்ப முடியாது. கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். டாக்டர் விரலில் ஊசியால் குத்திப் பார்த்து, நல்ல குணம் தெரிகிறது என்கிறார்.

இப்போது உன் கடிதம். இடப்பக்க மாட்டுக்குக் கழுத்து வீக்கம், சூடு போட்டுப் பட்டைவண்டியில் பூட்டப் போகிறேன் என்கிறாய். அடியில் ஒரு வரி: மாசி பிறந்த வெள்ளியிலிருந்து வலது கட்டைவிரல் மரத்திருக்கிறது, மூக்கணாங்கயிறு பிடிபடவில்லை. வாத்தியாரைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். என் விரலுக்கு உணர்ச்சி வந்த அதே வெள்ளிதான். உன் எழுத்தும் கோணிக்கொண்டு போகிறது என்றார்.

இன்று காலை வாரை மாட்ட விடவில்லை. போர்வையால் கழுத்தை மூடிக்கொண்டேன். இதையெல்லாம் எழுத வேண்டாம், பையன் பயந்துவிடுவான் என்கிறார் வாத்தியார். பயப்படட்டும்.

மாட்டை அவிழ்த்துவிடு. சூட்டுக்கோலைக் கிணற்றில் போடு. வீக்கம் வற்றும்வரை நுகம் அதன்மேல் படக்கூடாது. பட்டை காட்டிலேயே கிடக்கட்டும். என் விரல் மறுபடி மரத்தாலும் சரி, எனக்கு ஒரு கை போதும். அவிழ்த்த அன்றே உன் கையால் ஒரு கார்டு எழுது. எழுத்து நேராக இருக்கிறதா என்று வாத்தியார் பார்த்துச் சொல்வார்.

நீ கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும், மகனே. கீழே என் வலது கட்டைவிரலை வைக்கிறேன். மை ஜில்லென்று இருக்கிறது. வார் மாட்டாமலும் விரலுக்கு இன்னும் தெரிகிறது, காசி. சீக்கிரம் அவிழ்த்துவிடு.