நைனா ‘போதும்’ என்கிறார்

சித்தூர்
1934 மே 21

அன்பு மகன் சாந்தகுமாருக்கு அம்மா ஜீவரத்தினம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை கிரேஸ் எழுதுகிறாள். ரங்கூனில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறோம். இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல முதல் வரியிலேயே இவள் எழுதிவிட்டாள், நான்தான் அடிக்கச் சொன்னேன். நானும் இவளும் சுகம். உன் நைனா சுகமாயில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு வியாதி ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஆனால் அவர் சட்டைக் கழுத்துக்குள் இப்போது இன்னொரு கழுத்து நுழையும். கிறிஸ்மஸ் முடிந்ததும் காப்பியை விட்டார். பிறகு சர்க்கரை, பிறகு கறி. தபசு நாட்கள் வந்தபோது இராச் சாப்பாட்டையும் விட்டார், ஈஸ்டர் போயும் அது திரும்பவில்லை. கேட்டால், போதும் ஜீவா, மனுஷனுக்கு இதுக்கு மேல இன்னா வேணும் என்கிறார். போதகர் இதைக் கேள்விப்பட்டு, ஓய்வுபெற்ற நம் தியோடர் வாத்தியாரைப் பாருங்கள், இருப்பது போதும் என்று வாழ்கிறார் என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். சபையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவர் மோரையும் விட்டுவிட்டார்.

நான் எளிமைக்குப் பயந்தவளில்லை, அது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நாராயணவனத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். இரண்டு தட்டு, ஒரு விளக்கு, மழை பெய்தால் ஒழுகாத மூலை ஒன்று. அந்த மூலையில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்து, இது மாதிரி கூழு கவர்னர் வூட்லகூட கிடைக்காது என்பார். ஊற்றுவதற்கு இருக்காது, அதற்கும் சிரிப்பார். அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அந்த ஒழுக்கு யாருக்கு வேண்டும்? ஆனால் திருப்தி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவள் நான். திருப்தி உள்ளவன் இன்னும் கொஞ்சம் கேட்பான். இவர் நான் கரண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே கையால் தட்டை மூடுகிறார். இதை நான் திருப்தி என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இது எங்கே தொடங்கியது என்று நானும் கிரேசும் யோசித்து யோசித்துப் பார்த்தோம். உன் கிறிஸ்மஸ் கடிதத்தில்தான் தொடங்கியது ராசா. உன்னைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ நல்ல மனதோடுதான் எழுதினாய். மாம்பழத் தாண்டரா வந்து சேர்ந்தது, இனி கோடை வெயிலில் சிரமப்பட்டுச் செய்து அனுப்ப வேண்டாம், இங்கே கடையில் எல்லாமே கிடைக்கிறது, நீங்கள் எளிமையாக, நிம்மதியாக இருங்கள் என்று எழுதியிருந்தாய். நைனா அந்த இடத்தை மூன்று தரம் உரக்கப் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நல்லதாப் போச்சு, பையனுக்கு அங்கயே எல்லாம் கெடைக்குது என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது, அதனால் நானும் கவனிக்கவில்லை. நீ கப்பலேறின இந்த ஐந்து வருஷமும் அவருக்குக் கோடை என்றாலே அந்தத் தாண்டராதான். பழத்தைப் பிழிந்து என் பழைய சேலைத் துணியில் வடிகட்டி, ஈச்சம்பாயில் மெல்லிசாகத் தடவி, அது காய்ந்ததும் மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, மடியில் புத்தகமும் கையில் குச்சியுமாக உட்கார்ந்து காக்கையையும் குளவியையும் விரட்டுவார். எத்தனை பூச்சு ஆயிற்று என்று கொல்லைச் சுவரில் கரியால் கோடு போடுவார். பென்ஷன் வாங்கின மனுஷனுக்கு அதுதான் பள்ளிக்கூடம், அதுதான் வேலை. போன வருஷக் கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

தை மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது, அவரவர் வீட்டில் விளைந்ததையோ செய்ததையோ பலிபீடத்தண்டை வைத்து ஜெபித்து, ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். நான் ஒரு பூசணிக்காய் எடுத்துப் போனேன். அவர் எனக்கும் சொல்லாமல் அந்த ஈச்சம்பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஏலம் சொல்லும் ஆதிநாராயணன் சாமுவேல் அதை விரித்துக் காட்டினார். நடுவில் மஞ்சளாகக் கறை, ஓரத்தில் எறும்பு. யாரும் விலை கேட்கவில்லை. இதுமேல படுத்தா ஆளையே எறும்பு தூக்கிக்கினு போயிடும் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அப்போது கிரேஸ் எழுந்து முதல் விலை கேட்டுவிட்டாள். கர்த்தருக்கென்று கொடுத்ததை அந்த வீட்டாரே திரும்ப எடுக்கக் கூடாது என்று இவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டாள். ஏம்மா, குடுத்த கையாலயே புடுங்கிக்கினு போறதா என்று சாமுவேல் கேட்டார். நைனா எழுந்து வீட்டுக்கு நடந்தார். கிரேஸ் அழுதாள். இதை எழுதவே வெட்கமாயிருக்கிறது என்று இப்போதும் பேனாவை வைத்துவிட்டாள், நான்தான் எழுது என்றேன். கடைசியில் பக்கத்து வீட்டு ஞானமணி பாயை ஏலத்தில் எடுத்தாள். அது அவள் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. வாசனைக்கு இன்னும் எறும்பு ஏறிக்கினு இருக்குது அக்கா என்கிறாள்.

போன வாரம் திருச்சானூர்ப் பக்கத்துத் தோப்பிலிருந்து பழக்கார லட்சுமம்மா வழக்கம்போல் பாகாலா ரயிலில் மாம்பழக் கூடையோடு வந்துவிட்டாள். நைனா வேண்டாம் என்றார். அவள் விடுகிறவளா? இன்னா சாரு, ரங்கூன்ல புள்ளைக்குப் பல்லு கொட்டிப்போச்சா என்று கேட்டாள். இவர் சிரிக்கவில்லை. அவனுக்கு வேண்டியதில்லை லட்சுமம்மா என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், மேலே கேலி செய்யவில்லை. ஆறேழு பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கிரேஸ் படிக்க எழுந்தபோது, நைனா ஒரு பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து, இன்னும் ரெண்டு நாள் போவணும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்ப வைத்ததைப் பார்த்திருக்கிறாள். என்னை எழுப்பி இதைச் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம் எழுதச் சொன்னேன்.

நீ அவர் பேருக்கு ஒரு கடிதம் எழுது. என் பேருக்கு வேண்டாம். தாண்டரா வேண்டும் என்று கேள். சும்மா கேட்டால் நான் சொல்லிக் கொடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார், நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்தவர். அதனால் போன தடவை அனுப்பினதில் புளிப்பு அதிகம், இந்தத் தடவை பழத்தை நன்றாகப் பழுக்கவிட்டுச் செய்யுங்கள் என்று ஒரு குறையும் எழுது. குறை சொன்னால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பசிக்கும். வேண்டாம் என்ற அண்ணன் வேண்டும் என்று எழுதினால் அது பொய்யாகாதா அம்மா என்று கிரேஸ் கேட்கிறாள். அவன் கேட்டுவிட்டால் பொய்யில்லை என்று சொன்னேன். உனக்கு நிஜமாகவே வேண்டாமென்றால் வந்ததும் அங்கே இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு, எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேள். நீ சம்பாதிக்கிறாய், உனக்கு ஒரு குறையும் இல்லை என்பதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். அதற்காகப் பெற்றவரிடம் கேட்க ஒன்றுமே இல்லாமல் இருந்துவிடாதே. பாயைப் பற்றிக் கவலைப்படாதே. நீயா எடுத்தாத்தானே தப்பு, அண்ணன் லெட்டரு வர்ற அன்னிக்கு நானே கொண்டாந்து உங்க கொல்லையில விரிக்கிறேன் என்று ஞானமணி கிரேசிடம் சொல்லியிருக்கிறாள்.

வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இந்தக் கடிதம் எழுதினது நைனாவுக்குத் தெரியாது, உன் பதிலில் இதைக் குறிப்பிட்டுவிடாதே. நீலம் மாம்பழம் ஆனி கடைசி வரைக்கும்தான் வரும் என்று லட்சுமம்மா சொன்னாள். கப்பல் தபால் போய் வருகிற நாளையும் பார்த்துக்கொள். புளிப்பு என்று எழுத மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும் அம்மா
ஜீவரத்தினம் தியோடர்