ஹெல்மெட்டுக்குள் இருந்தவர்

பஹ்ரைன்

அன்பு மஹ்பூபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால், ஊருக்கு வரும் தௌஹீத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மானம் போய்விட்டது. நான் டயர் துடைக்கிற பந்தய மைதானத்துக்கு ஓர் அமெரிக்க டிரைவர் வந்தார். மண் ரோட்டுப் பந்தயம், லாரிப் பந்தயம், இருபத்து நாலு மணி நேரப் பந்தயம் என்று முப்பது வருடமாக எதையும் விட்டுவைக்காத ஆளாம். கார் நின்றதும் ஓடிப்போய், "வெல்கம் சார்!" என்று சலாம் வைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினால், நரைத்த முடியோடு ஓர் அம்மா! கையிலிருந்த துணி தானாகக் கீழே விழுந்தது.

"மாமா, வாயை மூடுங்க, ஈ பூந்துடும்" என்கிறான் பக்கத்தில் டயர் துடைத்துக்கொண்டிருந்த தௌஹீத்.

அந்த அம்மா சிரித்துவிட்டு, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். "காலேஜ் போற மவ ஒருத்தி இருக்கா" என்றேன். தௌஹீத் இங்கிலீஷில் சொன்னான்.

"வண்டி ஓட்டுவாளா?" என்று கேட்டார்.

"ஓட்டுவா" என்று சொல்லிவிட்டேன்.

இதோடு இருக்கும் சின்னப் பொட்டலத்தை நம் மகள் ஷிஃபாவிடம் கொடு. தௌஹீத் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை. கம்பெனி பஸ் வந்துவிட்டது.

அந்த அம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நீயும் ஷிஃபாவும் வீடெல்லாம் தேடிய ஸ்கூட்டர் சாவியை, அவள் ஓட்டிவிடக் கூடாதென்று என் பெட்டியில் போட்டு எடுத்துவந்தவன் நான்தான்.

மீரா சாகிப்