கெட்டுப்போன பாட்டு

அக்கா,

நலம் விசாரிக்கவெல்லாம் எனக்கு வராது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளைத் தேடி எடுத்து, இரைச்சலை நீக்கி, நல்ல ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். ஒலிப்பொறியியல் படித்தவன் செய்த வேலை, குறை சொல்ல முடியாது. அவரோ வேண்டாமென்று தலையை ஆட்டினார். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை.

எரிச்சலில் அவருடைய பழைய கேசட்டையே போட்டேன். ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து அவர் பதிவு செய்தது. பாட்டு முடியும்வரை நாம் மூச்சுவிடக் கூடாது, ஞாபகமிருக்கிறதா? இரண்டாம் சரணத்தில் நீ பொறுக்கமாட்டாமல் கூடவே பாடியிருக்கிறாய். சின்னக் குரல், சுருதியே இல்லை. உடனே அப்பாவின் கத்தல்: "வாயை மூடுடி கழுத, பாட்டையே கெடுத்துட்டியே!" பின்னால் அம்மா சிரிக்கிறாள்.

அந்த இடம் வந்ததும் அப்பாவின் உதடு அசைந்தது. "கழுத" என்றார், தெளிவாக. அப்புறம் அழுதார்.

உன் கல்யாணத்தன்று, "இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது" என்று சொன்ன அதே மனிதர்தான்.

மறுபடியும் போட்டேன். நாடா சிக்கி, அந்த இடத்திலேயே நைந்து போய்விட்டது. ஒட்டிப் பார்த்தேன். உன் குரல் இருந்த துண்டு மட்டும் தேறவில்லை. சுத்தமான பாட்டைப் போட்டால், இரண்டாம் சரணத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார். நான் என்ன செய்ய?

டாக்டர் இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்.

பாட்டு என்னிடம் இருக்கிறது. சீக்கிரம் வந்து கெடுத்துவிடு.

உன் தம்பி