உள்ளங்கை பட்டால் அழிகிற பலகை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்ல, உன் தங்கை எழுதுகிறாள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் விளக்கை அணைக்கிறேன். சமையலறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று, குழாய் சொட்டுவது நின்று இப்போது சுவர் சொட்டுகிறது. சின்னவள் தையல் கடைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாள், போகும்போது குனிந்த தலை வரும்போதும் குனிந்தே வருகிறது, மற்றபடி குறையில்லை. போனில் சொல்ல வேண்டியதை அம்மா ஏன் கடிதமாக எழுதச் சொல்கிறாள் என்று நீ கேட்பாய். உன் குரலைக் கேட்டால் பாதி சொல்லிவிட்டு ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன், அதனால்தான்.

என் வலது கை நடுங்குகிறது. போன வருடமே தொடங்கிவிட்டது, நரம்பில் கோளாறு, மாத்திரை பிடித்துவைக்கும், போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் மறைத்ததற்குத் திட்டாதே, பள்ளியிலும் ஒருவருக்கும் தெரியாது. சாக்பீஸில் எழுதும்போது உள்ளங்கையைக் கரும்பலகையில் ஊன்றிக்கொள்வேன், ஊன்றினால் எழுத்து நிற்கும். இத்தனை நாள் அதில்தான் பிழைப்பு ஓடியது. இந்த வருடம் கரும்பலகையைக் கழற்றிவிட்டு எல்லா வகுப்பிலும் தொட்டால் வேலை செய்கிற ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டார்கள். முதல் நாள் வழக்கம்போல் கையை ஊன்றி ஒரு வரி எழுதினேன், எழுத எழுதப் பின்னாலேயே அழிந்துகொண்டு வருகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். மாட்டிய பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், உள்ளங்கை பட்டா அது டஸ்டர்னு நெனச்சுக்கும் டீச்சர், விரல மட்டும் வைங்க என்றான். அதை நிறுத்த முடியாதா என்றேன். நிறுத்தலாம், ஆனா எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க, காரணத்தச் சொல்லி அவங்ககிட்ட கேளுங்க என்றான். காரணத்தைச் சொல்ல முடிந்தால் நான் ஏன் அவனிடம் கேட்கிறேன்.

வேறு வழி தெரியாமல் பலகையைப் பிள்ளைகள் கையில் விட்டுவிட்டேன். நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேள்வி மட்டும் கேட்பேன், அவர்கள் வந்து எழுதுவார்கள், படத்தை இழுத்து வைப்பார்கள். பொய் சொல்லக்கூடாது, வகுப்பு அப்படி உயிர்பெற்று நான் பார்த்ததில்லை. கல்லுளிமங்கன் என்று மற்றவர்கள் கூப்பிடும் ஒருவன் இருக்கிறான், வருடம் முழுக்க வாய் திறக்காதவன். உடம்புப் படத்தில் உறுப்புகளைப் பொருத்தும் பாடத்தில் அவனாகவே எழுந்து வந்து இரைப்பையைக் கொண்டுபோய்த் தலைக்குள் வைத்தான். வகுப்பே சிரித்தது. அவன் திரும்பிப் பார்த்து, இவனுங்களுக்குச் சாப்பாட்டுல தான டீச்சர் எப்பவும் நெனப்பு என்றான். அதன்பிறகு சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அந்தப் பலகையை நான் எப்படித் திட்டுவேன் சொல்.

வினை அங்கேதான் வந்தது. அன்றைக்குப் பெரிய டீச்சர் சன்னலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். டீச்சர் பலகையைத் தொடாமல் பிள்ளைகளைத் தொட வைப்பதுதான் பாடம், இதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, சனிக்கிழமை மற்றப் பள்ளி ஆசிரியர்களையெல்லாம் அழைத்துவிட்டார். பிள்ளைகளை எப்படி எழுத வைக்கிறேன் என்பதைப் பெரிய அறையில் நானே பலகையில் ஒவ்வொன்றாக எழுதிக் காட்ட வேண்டுமாம். பிள்ளைகள் வேண்டாமா என்றேன். விடுமுறை நாளில் எதற்கு, நீங்க ஒருத்தர் போதும், உங்களவிட யாருக்குத் தெரியும் என்று முதுகில் தட்டினார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். மறைக்கப் போட்ட திரையே மேடையாகிவிட்டது பார்.

நேற்று எல்லாரும் போனபிறகு வகுப்பைச் சாத்திக்கொண்டு விரலை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தேன். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்ததுபோல் இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினேன், இரண்டும் சேர்ந்து ஆடின. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போகலாமா என்றெல்லாம் யோசித்தேன். கட்டு என்றைக்காவது அவிழத்தானே வேண்டும் என்கிறாள் சின்னவள். தெரிந்தால் என்னை வகுப்பிலிருந்து எடுத்து அலுவலகத்தில் உட்கார வைப்பார்கள், கண் தெரியாமல் போன கணக்கு வாத்தியாரை அப்படித்தான் செய்தார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள். அவர் இப்போது மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று மறுபடி உட்காருகிறார். நான் அப்படி ஆகிவிடுவேனோ என்று சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

கடைசியில், நாளைக் காலை பெரிய டீச்சர் அறைக்குப் போய் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பத்துப் பேர் முன்னால் கை சொல்வதைவிட ஒருவர் முன்னால் வாய் சொல்வது மேல். ஆனால் தனியாகப் போனால் வாசலோடு திரும்பிவிடுவேன் என்று இவளிடம் புலம்பினேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, நான் கூட வரேம்மா என்றாள். இதே பள்ளியில் எட்டாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல், எல்லாரும் சிரித்த அன்றைக்குப் படிப்பை விட்டு வெளியே வந்தவள், அதன்பிறகு பள்ளித் தெருவில் கால் வைக்காமல் சுற்றுவழியில் போகிறவள். இதை எழுதாதே அம்மா என்கிறாள், எழுதடி என்று எழுத வைத்திருக்கிறேன்.

இது உன் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். நீ பதறி அங்கிருந்து பெரிய டீச்சருக்குப் போன் போட்டு வாதாடாதே, லீவு கேட்டு நிற்காதே. காலையில் வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, ஈரத்தலையோடு படுக்காதே. எந்த வாசலிலும் நீ தயங்கி நிற்காமல் நடக்க வேண்டும், நன்றாக இரு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

அக்கா, அம்மா சொன்னபடியே எழுதிவிட்டேன். கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அறைக்குள் பேச்சு வராவிட்டால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, ஆனாலும் போகிறேன்.