தங்கச்சியின் வீட்டுக்கு வந்த முதல் தாய்

என் செல்லத் தங்கச்சி சாந்திக்கு,

நீ போய் நாலு வருடமாகிறது. இப்போதுதான் உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி கிடைத்திருக்கிறது. முதுகெலும்பு மூடாத குழந்தைக்கு, அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே, சின்னத் துளைகள் வழியாகக் கமரா விட்டுத் தைக்கும் சத்திரசிகிச்சையை எங்கள் ஆஸ்பத்திரியில் தொடங்கிவிட்டோம். உன் முதுகில் இருந்த அதே பிளவுதான்.

கொழும்பில் ஒரு பெரிய டொக்டர் "மட்டக்களப்பிலயா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ரப்பர் பந்துக்குள் கோழித்தோலை வைத்து, துளை வழியாகத் தைத்துத் தைத்து மாதக்கணக்கில் பழகினோம். நீ பார்த்திருந்தால், "அண்ணா, அந்தக் கோழி இனி நடக்குமா?" என்று கேட்டிருப்பாய்.

எல்லாம் தயாரான பிறகும் ஒன்று இடறியது. சிகிச்சை முடிந்த தாய் பிரசவம் வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வவுணதீவிலிருந்து வந்த ரதிக்கு வாவியின் இந்தப் பக்கம் யாருமில்லை. தங்க இடமில்லாவிட்டால் சிகிச்சை இல்லை என்றார்கள். அவளுக்கோ சிகிச்சைக்குரிய நாள் கடந்துகொண்டிருந்தது. இப்படி வரும் தாய்மார் தங்க உன் வீட்டைத் தருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கேள்விப்பட்டதும் மாமா ஓடி வந்தார். அம்மா அந்த வீட்டை உன் பெயரில் எழுதியபோது, "கலியாணம் கட்டாத புள்ளைக்கு என்னத்துக்கு வீடு?" என்று கத்தியவர். இப்போது தன் பேத்திக்குச் சீதனமாகக் கேட்கிறார்.

"தாய்வீடு பொம்பிளைக்குத்தான் போகணும் மருமகன். அதுதானே நம்மட வழமை?"

"ஓம் மாமா. பொம்பிளைக்குத்தான் போகுது. ரதி எண்டு பேர்."

"உனக்கு விசர்! மறுகா ஊரெல்லாம் வந்து படுக்கட்டும்!"

"அதுக்குத்தான் குடுத்த நான்."

போன வாரம் தைத்தோம். குழந்தையின் இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது. அதற்கு முன், "புள்ள நடக்குமா டொக்டர்?" என்று ரதி கேட்டாள். சின்ன வயதில் உனக்குச் சொன்ன பொய்யை அவளுக்குச் சொல்லவில்லை. "சொல்ல ஏலாது. ஆனா இப்பவே மூடினா நரம்பு கெடுறது குறையும்" என்றேன். பத்து வயதானதும் நீ நடப்பாய் என்று நான் சொன்னதற்கு, கடைசிவரை உனக்கு என்மேல் கோபம் இருந்ததா?

நேற்று ரதி உன் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று அங்கிருந்த சரிவைக் குனிந்து பார்த்தாள்.

"என்ன டொக்டர், படி வைக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கல்ல. என்ட தங்கச்சி வீல்செயார்ல வாறவ."

வயிற்றில் கை வைத்தபடி அந்தச் சரிவில் மெல்ல ஏறினாள்.

"அப்ப எங்களுக்கும் இந்த வீடு சரிதான்" என்றாள்.

சாந்தி, நான் உயிரோடு இருக்கும்வரை அந்த வாசலில் ஒரு படியும் வராது.

மாமாவோடு இனிப் பேசவே போகாத,
உன் அண்ணன்